இன்ட்ராமுரோஸ்: மணிலாவின் மதில் நகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ட்ராமுரோஸ் தனி ஊரா, மணிலாவின் ஒரு பகுதியா?

இன்றைக்கு மணிலா மாநகரின் ஒரு பகுதி. ஸ்பானியர் காலத்தில் மணிலா என்றாலே இதுதான். 'இன்ட்ரா முரோஸ்' என்றால் மதிலுக்குள்ளே என்று பொருள். பாசிக் ஆறு கடலில் சேரும் இடத்தில், தென்கரையில், சுமார் 64 ஹெக்டேர் நிலத்தை நாலரைக் கிலோமீட்டர் மதில் சுற்றி நிற்கிறது. மதிலுக்கு வெளியே இருந்த பினோன்டோ, எர்மிடா, மலாத்தே எல்லாம் அன்று 'எக்ஸ்ட்ராமுரோஸ்', அதாவது புறஞ்சேரி. 1571 முதல் 1898 வரை, நடுவில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த ஒன்றரை ஆண்டு நீங்கலாக, ஆசியாவில் ஸ்பெயினின் தலைநகரம் இதுவே. அதிலும் 1821 வரை மாட்ரிட் இதை நேரடியாக ஆளவில்லை. மெக்சிகோவில் இருந்த வைஸ்ராயின் ஆளுகைக்குள்தான் பிலிப்பைன்ஸ் இருந்தது. படிச் செலவுக்கான வெள்ளிகூட அங்கிருந்துதான் கப்பலில் வரும்.

ஸ்பானியர் வருமுன் இங்கே என்ன இருந்தது?

ஓர் ஊரும் ஒரு கோட்டையும் இருந்தன. ராஜா சுலைமான் என்ற முஸ்லிம் தலைவர், ஆற்று முகத்தில் மரக்கம்பங்களால் அரண் கட்டி ஆண்டார். எதிர்க்கரையில் தொண்டோவில் லாக்கன்டுலா. சீன வணிகக் கப்பல்கள் அப்போதே இங்கே வந்து போய்க்கொண்டிருந்தன.

ஊர்ப்பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. தகலாக் மொழியில் 'மய் நிலா' என்றால் 'நிலா' உள்ள இடம். இந்த நிலா வானத்து நிலா அல்ல, அவுரிச் செடி. வடமொழி 'நீல'த்திலிருந்து போன சொல். நாம் சொல்லும் நீலமும் அதே வேர்தான். 'நிலாத்' என்ற அலையாத்திச் செடியால் பெயர் வந்தது என்று பல வழிகாட்டிகள் சொல்வார்கள். மொழியியல்படி அது நிற்காது.

லெகாஸ்பி செபுவை விட்டு ஏன் இங்கே வந்தார்?

ஸ்பானியப் படைத்தலைவர் மிகெல் லோபஸ் தெ லெகாஸ்பி 1565-ல் மணிலாவுக்குத் தெற்கே உள்ள செபு தீவில் இறங்கினார். அங்கே இரண்டு தொல்லைகள்: அரிசி போதவில்லை, போர்த்துகீசியர் 1568-ல் கப்பல்களைக் கொண்டுவந்து வழியடைத்தார்கள். 1569-ல் பனாய் தீவுக்கு இடம் பெயர்ந்தார். 1570-ல் மார்த்தின் தெ கொய்த்தி என்ற தளபதி வடக்கே வந்து மணிலாவைத் தாக்கினார், ஊர் எரிந்தது. அடுத்த ஆண்டு லெகாஸ்பியே வந்து, 1571 ஜூன் 24-ல் ஸ்பானிய நகரத்தை நிறுவினார். நெல் விளையும் பின்னிலம், காற்றுக்கு மறைவான குடா, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த சீன வணிகர்கள், மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. லெகாஸ்பி 1572 ஆகஸ்டில் இறந்தார். கல்லறை சான் அகஸ்தீன் தேவாலயத்தில் இருக்கிறது.

மதிலை எப்போது, எதனால் கட்டினார்கள்?

முதல் நகரம் மூங்கிலும் மரமும் நிப்பாப் பனை ஓலையும்தான். 1574-ல் லிமஹோங் என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவன் தாக்கியபோது கொய்த்தி கொல்லப்பட்டார். 1583-ல் ஆளுநர் ஒருவரின் ஈமச்சடங்கில் மெழுகுவத்தி நெருப்பு பற்றி ஊரே வெந்துபோனது. அதன் பிறகுதான் கல்லும் ஓடும் வந்தன. கல் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அந்தோனியோ செதெஞ்ஞோ என்ற யேசு சபைப் பாதிரியார். மதிலையும் சாந்தியாகோ கோட்டையையும் 1590 முதல் 1593 வரை ஆளுநராக இருந்த கோமெஸ் பெரெஸ் தஸ்மரீஞ்ஞாஸ் எழுப்பத் தொடங்கினார். அதற்குப் பின் 200 ஆண்டுகளுக்கு மேல் கொத்தளமும் அகழியும் கூடிக்கொண்டே போயின. ஒரே காலத்துக் கட்டடமாக இதைப் பார்க்கக் கூடாது.

கல்லுக்கு உள்ளூர்ப் பெயர் 'அடோபி'. மற்ற ஸ்பானிய நாடுகளில் அடோபி என்றால் வெயிலில் காயவைத்த மண் செங்கல். பிலிப்பைன்ஸில் அந்தச் சொல் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல்லைக் குறிக்கும். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். மதிலின் இரு புறமும் இந்தக் கல்லை அடுக்கி, நடுவில் மண்ணும் உடைகல்லும் கொட்டி நிரப்பினார்கள். பீரங்கிக் குண்டு பட்டால் கல் தெறிக்கும், மண் வாங்கிக்கொள்ளும். உயரம் பொதுவாக 22 அடி.

பார்ப்பதில் எது உண்மையிலேயே பழையது?

இந்த ஊரைப் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரியில், மதிலுக்குள் இருந்தது ஏறக்குறைய முழுவதும் இடிந்தது. இன்று 'ஸ்பானிய வீடு' என்று படம் எடுக்கப்படுவதில் பெரும்பகுதி 1970-களுக்குப் பின் கட்டியது.

சான் அகஸ்தீன் தேவாலயம் அசல், 1607-ல் முடிந்தது. மதிலின் கீழ்வரிசைகளும் பல கொத்தளங்களும் அசல், மேல்வரிசைகளில் பல இடம் புதிது. மதிலோடு நடக்கும்போது கல்லைக் கவனியுங்கள். முனை மழுங்கி, கறுத்து, அளவு ஒழுங்கில்லாமல் இருந்தால் பழையது. ஒரே அளவில், விளிம்பு கூராக, வெளிறி இருந்தால் சீரமைப்பில் வைத்தது. இரண்டும் சேரும் கோடு பல இடங்களில் கண்ணுக்கே தெரியும்.

கதீட்ரல் 1958-ல் திறந்தது. கட்டடக்கலைஞர் ஃபெர்னாந்தோ ஒகாம்போ. அதே இடத்தில் முன்பு நின்றவை நெருப்பிலும் புயலிலும் நிலநடுக்கத்திலும் குண்டிலும் போயின. ஆயுந்தமியெந்தோ எனும் நகரசபை மாளிகை மறுகட்டுமானம், இப்போது அரசுக் கருவூலத் துறை இருக்கிறது. எதிரே இருந்த ஆளுநர் மாளிகை 1863 நிலநடுக்கத்தில் விழுந்தது. அந்த இடத்தில் உள்ளது 1970-களின் அலுவலகக் கட்டடம். சாந்தியாகோ கோட்டையின் வாசலில் குதிரை மேல் இருக்கும் புனித யாகப்பர் சிற்பத்தையும் போருக்குப் பின் மீண்டும் செய்தார்கள். காசா மணிலா அருங்காட்சியகம் 19-ஆம் நூற்றாண்டு வீடுபோல் 1980-களில் கட்டியது. உள்ளே உள்ள சாமான்கள் பழையவை, சுவர் புதிது. போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் தெரிந்து பார்க்க வேண்டும்.

சான் அகஸ்தீன் மட்டும் எப்படித் தப்பியது?

1645, 1754, 1852, 1863, 1880 என்று பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. மற்ற தேவாலயங்கள் விழுந்துவிழுந்து எழுந்தன, இது நின்றது. 67 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம்; நீளத்துக்கு ஏற்ற உயரம் கிடையாது. இருபக்கமும் சிற்றாலயங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் தடித்த குறுக்குச் சுவர்கள்தான் உள்ளிருந்து முட்டுக் கொடுக்கின்றன. சுவர் வெளியே சாயப் பார்த்தால் இந்தக் குறுக்குச் சுவர்கள் இழுத்துப் பிடிக்கும். அடிபட்டது உயரமாக நின்ற ஒன்றுதான்: இடப்பக்க மணிக்கூண்டு. 1863-லும் 1880-லும் விரிசல் விட்டு, கடைசியில் இறக்கப்பட்டது. முகப்பு ஒற்றைக் கோபுரத்தோடு ஒருபக்கம் குறைந்தாற்போல் தெரிவது அதனால்தான். அங்கிருந்து இறக்கிய சுமார் 3,400 கிலோ மணியை அருங்காட்சியக நுழைவில் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். மேற்கூரையில் பூவேலை செதுக்கியதுபோல் இருக்கும். ஒரு செதுக்கலும் இல்லை. தட்டையான பூச்சில் வெறும் வண்ணம். இத்தாலிய மேடைத்திரை ஓவியர்கள் அல்பெரோனியும் திபெல்லாவும் 1875-ல் தீட்டியது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்தால் மாயம் கலையும். வாசலில் படுத்திருக்கும் கருங்கல் சிங்கங்கள் சீனக் கைவேலை. 1993-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது இந்தத் தேவாலயம் மட்டுமே, மதில் நகரம் முழுவதும் அல்ல.

பழைய வீடுகள் எப்படி இருந்தன? ஏன் கீழே கல், மேலே மரம்?

நிலநடுக்கம் கற்றுக்கொடுத்தது. முழுக் கல்வீடு குலுங்கினால் நொறுங்கும். முழு மரவீடு தீயில் போகும். இரண்டையும் கலந்து 'பஹய் நா பாதோ' வந்தது. கட்டடத்தின் பாரத்தைத் தாங்குபவை மொலாவே போன்ற வன்மரத் தூண்கள். கீழ்த்தளக் கல்சுவர் அவற்றைச் சுற்றி நிற்கும் உறைதான். குலுங்கும்போது சுவர் விழுந்தாலும் மேல்தளம் தூணில் நிற்கும். கீழ்த்தளத்தில் வண்டியும் பண்டமும், குடும்பம் மாடியில். சன்னல் சட்டங்களில் கண்ணாடிக்குப் பதில் 'கபிஸ்' என்ற தட்டைச் சிப்பியைச் சிறு சதுரங்களாக நறுக்கிப் பொருத்தியிருப்பார்கள். வெளிச்சம் வரும், வெயில் கூசாது. தரையோடு ஒட்டி இன்னொரு சிறு சன்னல் இருக்கும். பெரிய சன்னலை மூடினாலும் அதன் வழியே காற்று ஓடும்.

கூரையில்தான் தவறு நடந்தது. சுட்ட ஓடு தீக்கு நல்லது, குலுங்கினால் ஆளைக் கொல்லும். 1863, 1880 நிலநடுக்கங்களுக்குப் பின் ஓடு போய்த் துத்தநாகத் தகடு வந்தது. புழுக்கம் கூடியது, உயிர்ச்சேதம் குறைந்தது. தண்ணீருக்கு மழைநீர்த் தொட்டிதான் கதி. குழாய் நீர் 1882-ல்தான் வந்தது.

மணிலாக் கப்பல் என்கிறார்களே, அது என்ன?

1565-ல் உர்தனேத்தா என்ற துறவி பசிபிக்கில் வடக்கே ஏறிக் கிழக்கே திரும்பும் வழியைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து 1815 வரை, 250 ஆண்டுகள், மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் கப்பல் ஓடியது. போகும்போது சீனப் பட்டு, பீங்கான், இந்தியப் பருத்தித் துணி. வரும்போது வெள்ளி நாணயம். ஸ்பெயினின் செவில்லா வணிகர்கள் பொறாமையில் முறையிட, 1593-ல் மன்னர் வரம்பு வைத்தார்: ஆண்டுக்கு இரண்டு கப்பல், ஒவ்வொன்றும் 300 டன், ஏற்றுமதி 2,50,000 பெசோ, திரும்பி வருவது 5,00,000 பெசோ. நடைமுறையில் ஆயிரம் டன்னுக்கும் மேலான கப்பல்கள் போயின. வரம்பு காகிதத்தில் இருந்தது.

சரக்கறையைச் சம அளவுப் பொதிகளாகப் பிரித்து, அதற்கான சீட்டை ஊராருக்குப் பங்கிட்டார்கள். அதன் பெயர் 'போலெத்தா'. விதவைகளுக்கும் மடங்களுக்கும் கிடைத்த சீட்டை வணிகர்கள் விலைக்கு வாங்கிக் குவிப்பார்கள். ஒரு கப்பல் வராவிட்டால் அந்த ஆண்டு நகரமே கடன். அதுவும் அடிக்கடி நடந்தது. தென்மேற்குக் காற்று பிடிக்க ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்துக்குள் பாய் விரிக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சரக்கு வரட்டும் என்று தாமதித்தால் சூறாவளிக் காலத்தில் மாட்டிக்கொள்ளும். அகபுல்கோ போக நாலு முதல் ஆறு மாதம், திரும்ப மூன்று மாதம். தண்ணீர்ச் சாடி வைக்க வேண்டிய இடத்திலும் பட்டு மூட்டை அடைத்ததால் ஆட்கள் தாகத்திலும், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயிலும் செத்தார்கள்.

வேர்க்கடலையை 'மணிலா' என்று ஏன் சொல்கிறோம்?

விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மணிலாக்கொட்டை, பேச்சில் மல்லாட்டை. அந்தப் பெயரில் இருப்பது இந்த ஊர்தான். வேர்க்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. அகபுல்கோ கப்பல் வழியே அது மணிலாவுக்கு வந்தது. கொடுக்காப்புளியும் அப்படித்தான்: மெக்சிகோ மரம், மணிலா வழியே நம் வேலிக்கு வந்தது. ஆங்கிலத்தில் இன்னும் அதற்கு 'மணிலா டேமரிண்ட்' என்று பெயர்.

துணி எதிர்த்திசையில் போனது. ஐரோப்பியப் போட்டியாளர்கள் மணிலாவில் வணிகம் செய்யத் தடை இருந்ததால், சென்னை ஆங்கிலேயர் ஆர்மேனியர் பெயரிலும் முஸ்லிம் வணிகர் பெயரிலும் கப்பல் அனுப்பினார்கள். சரக்கு சோழமண்டலத் துணி, வரவு மெக்சிகோ வெள்ளி. அந்த வணிகத்தில் பணம் சேர்த்தவர்களில் ஒருவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவர், பரங்கிமலைப் படிகளை அமைத்தவர் அவரே. மணிலாப் பணத்துக்குச் சென்னையில் ஒரு பாலம்.

1762-ல் சென்னையிலிருந்து படை போனது உண்மையா?

உண்மை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய ஏழாண்டுப் போரில் பிரான்சின் பக்கம் ஸ்பெயின் சேர்ந்ததும், புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வில்லியம் டிரேப்பர் தலைமையில் தரைப்படையும் சாமுவேல் கார்னிஷ் தலைமையில் கப்பல்களும் புறப்பட்டன. ஆங்கிலேயப் படைப்பிரிவோடு சென்னை சிப்பாய்கள் சுமார் 600 பேர், லஸ்கர்கள் எனும் துணைப் பணியாட்கள், புதுச்சேரி வீழ்ந்தபின் கட்சி மாறிய பிரெஞ்சுக்காரர்கள் என்று கலவையான படை. செப்டம்பர் 23 வாக்கில் குடாவுக்குள் வந்தார்கள். போர் மூண்ட செய்தியே மணிலாவுக்கு எட்டவில்லை. ஆளுநர் இல்லை; பேராயர் ரோஹோதான் பொறுப்பு.

மதில் ஏன் தோற்றது? மதிலுக்குத் தெற்கே, பீரங்கி எல்லைக்குள், மலாத்தே, எர்மிடா தேவாலயங்கள் கல்லால் நின்றன. கோட்டைக்கு எதிரே மறைப்பு எதுவும் விடக் கூடாது என்பது பாலபாடம். அந்தத் தேவாலயங்களே எதிரிக்கு அரணாயின. அவற்றின் மறைவில் பீரங்கி ஏற்றி, தென்மேற்கு மூலையில் சான் தியேகோ கொத்தளத்தைச் சில நாளில் உடைத்து, அக்டோபர் 6 காலையில் நுழைந்தார்கள். கொள்ளை நடந்தது. 40 லட்சம் பெசோ மீட்புத்தொகை கேட்டார்கள். சிறு பகுதிதான் வசூலானது. டாசன் டிரேக் என்ற சென்னைக் கம்பெனி அதிகாரி மணிலா ஆளுநரானார். மதிலுக்கு வெளியே அவர்களால் நாட்டைப் பிடிக்க முடியவில்லை. சிமோன் தெ அந்தா என்ற ஸ்பானிய அதிகாரி மணிலாவுக்கு வடக்கே பாகோலோர் ஊரிலிருந்து எதிர்த்து நின்றார். 1764-ல் திரும்பிப் போனார்கள்.

எல்லாரும் திரும்பவில்லை. சிப்பாய்கள் சிலர் மணிலாவுக்குக் கிழக்கே காயின்டா ஊரில் தங்கி, அங்கேயே மணம் முடித்தார்கள். அந்த வட்டாரத்தில் அவர்கள் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஸ்பானியர் பாடம் படித்தார்கள்: மதிலுக்கு அருகே நின்ற கல் தேவாலயங்களை இடித்துத் தள்ளினார்கள்.

இரவில் வாசலை மூடுவார்களாமே?

ஆம். இரவு 11 மணிக்குத் தூக்குபாலம் ஏறும், அதிகாலை 4-க்கு இறங்கும். 1852 நிலநடுக்கத்துக்குப் பின் இரவிலும் திறந்தே வைக்க உத்தரவானது. சீனர்கள் உள்ளே வசிக்க அனுமதி இல்லை. அவர்களுடைய பரியான் சந்தை மதிலுக்கு வெளியே, பீரங்கி எட்டும் தூரத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஊருக்குச் செருப்பு முதல் ரொட்டி வரை அவர்கள்தான் தர வேண்டும், அவர்களைக் கண்டு பயமும் உண்டு. 1603-ல் அந்தப் பயம் சீனர்களைக் கூட்டமாகக் கொன்றதில் முடிந்தது.

ரிசாலுக்கும் சாந்தியாகோ கோட்டைக்கும் என்ன தொடர்பு?

ஸ்பானியர் ஆட்சியைக் கண்டித்து எழுதிய கண் மருத்துவரும் எழுத்தாளருமான ஹோசே ரிசாலை 1896 நவம்பரில் இங்கே சிறை வைத்து, டிசம்பர் 30-ல் பகும்பாயன் திடலில் சுட்டுக் கொன்றார்கள். சிறையிலிருந்து அவர் நடந்த வழியில் வெண்கலக் காலடிகள் பதித்திருக்கிறார்கள். அவற்றைத் தொடர்ந்தால் வாசல் வரை போகலாம்.

1945-ல் நகரை அழித்தது யார்?

இரு தரப்பும். பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை நடந்த மணிலாப் போரில் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட மக்களைக் கொன்றது இவாபுச்சி என்ற கடற்படைத் தளபதியின் கீழிருந்த ஜப்பானியப் படை. கட்டடங்களைப் பெரும்பாலும் நொறுக்கியது அமெரிக்கப் பீரங்கி. பல நாள் அடித்துக் கிழக்கு மதிலை உடைத்து, 23-ஆம் தேதி உள்ளே போனார்கள். சாந்தா இசபெல் சதுக்கத்தில், இறந்த குழந்தையை மடியில் ஏந்திய பெண்ணின் சிலையோடு 1995-ல் வைத்த நினைவுச்சின்னம் இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் அதை நிறுத்தாமல் கடக்கின்றன. நிற்பது நல்லது.

எப்படிப் பார்ப்பது? எவ்வளவு நேரம்?

எல்.ஆர்.டி. எனும் நகர ரயிலின் முதல் தடத்தில் சென்ட்ரல் டெர்மினல் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. பாசிக் ஆற்றுப் படகில் வந்தால் பிளாசா மெக்சிகோ துறை. காலை எட்டுக்குள் தொடங்குங்கள், பதினொன்றுக்கு மேல் மதில் மேல் நடப்பது தண்டனை. முதலில் சாந்தியாகோ கோட்டை, பிறகு பிளாசா ரோமா சதுக்கம், கதீட்ரல். அங்கிருந்து ஜெனரல் லூனா தெரு (பழைய காயே ரியால்) வழியே சான் அகஸ்தீன், எதிரே காசா மணிலா, கடைசியாக சான் தியேகோ கொத்தளம். அங்கே தோண்டி எடுத்த வட்ட அடித்தளம் 1580-களில் செதெஞ்ஞோ எழுப்பிய முதல் கல் அரணின் மிச்சம். நிதானமாக நடந்தால் ஐந்து மணி நேரம்.

தவறுவது மூன்று இடத்தில். சனி ஞாயிறுகளில் சான் அகஸ்தீனில் திருமணம் அடுத்தடுத்து நடக்கும், உள்ளே விடமாட்டார்கள். காசா மணிலாவுக்குத் திங்கள் விடுமுறை. குதிரை வண்டிக்காரரிடம் பேசும்போது தொகை வண்டிக்கா ஆளுக்கா, முழுச் சுற்றுக்கா அரை மணிக்கா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். தகராறு எல்லாம் அங்கேதான். மதில் விளிம்பில் பல இடம் கைப்பிடி இல்லை. ஜூன் முதல் அக்டோபர் வரை பாசி வழுக்கும்.

மதிலில் முளைத்த மரங்களை ஏன் பிடுங்கி எறியக் கூடாது?

கோபுரத்தில் ஆலங்கன்று முளைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்த வேலையைச் செய்வது 'பலேதே' எனும் அதே ஆல் இனம். வேர் கல் இடுக்கில் ஓடித் தடித்தபின் இழுத்தால் கல்லும் கூடவே வரும். வெட்டி, வேரைச் சாகடித்து, காய்ந்தபின் எடுத்து, இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். சிமென்ட் கூடாது. அடோபி ஈரம் குடிக்கும் கல். சுண்ணாம்பு இணைப்பு வழியே அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கல்லின் முகத்தையே தேடி வெளியேறும்போது உப்பு அங்கே படிகமாகிக் கல் செதில் செதிலாக உதிரும். சிமென்ட் கோடு நீட்டிக்கொண்டு நிற்க, கல் உள்ளே குழிந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

உள்ளே இன்று யார் இருக்கிறார்கள்?

பெரும்பாலும் மாணவர்கள். 1611-ல் இங்கே தொடங்கிய சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1927-ல் சம்பாலோக்குக்குப் போனது. 1620-ல் தொடங்கிய லெத்ரான் கல்லூரி இன்னும் இருக்கிறது. மாபுவா பல்கலைக்கழகம் நிற்பது பழைய சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் இடத்தில். 1979-ல் அரசாணை மூலம் உருவான இன்ட்ராமுரோஸ் நிர்வாகத்தின் விதிப்படி, புதிதாகக் கட்டுவோர் ஸ்பானியக் காலப் பாணியில்தான் கட்ட வேண்டும். அதனால் வங்கியும் விரைவு உணவகமும்கூடக் கபிஸ் சன்னலோடு நிற்கும். அமெரிக்கர் காலத்தில் தூர்த்த அகழியில் இப்போது கோல்ஃப் ஆடுகிறார்கள், பந்து சில சமயம் மதிலில் மோதும்.